சுமப்பது யார்? சுமத்துவது யார்?



சுமையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதைச் சுமக்கிறவரைப் பற்றியே பேசுகிறோம். "பாவம், எவ்வளவு சுமக்கிறாள்" என்று இரங்குகிறோம். "எப்படித்தான் தூக்குகிறானோ" என்று வியக்கிறோம். அந்தச் சுமையைக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டவர் யார் என்று கேட்பது குறைவு. ஏற்றிவிட்டவர் அதை ஒரு முறையாவது தாமே தூக்கிப் பார்த்தாரா என்று கேட்பது அதனினும் குறைவு.

ஒரு மனிதன் எவ்வளவு சுமக்கலாம்? எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவை உடல் வலிமை பற்றிய கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் அறநெறிக் கேள்விகளேயாம். இவற்றை ஆராய, போர்முனைக்குச் செல்லும் சிப்பாயின் முதுகுப் பொதியை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அங்கே சுமை தராசில் நிறுக்கப்பட்டு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அளவு தவறினால் உயிர் போகிறது. போரைப் புகழ்வது நம் நோக்கமன்று. பல்லாண்டுப் போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு அதன் விலை நன்றாகத் தெரியும். சிப்பாயின் முதுகு கற்பிக்கும் பாடத்தை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள நம் தேயிலை மலைகளுக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

இரண்டாயிரம் ஆண்டுப் பொதி

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், முதல் நூற்றாண்டில் உரோமைக் காலாட்படை வீரன் என்னென்ன சுமந்து நடந்தான் என்று பட்டியல் தருகிறார். ஆயுதங்கள் போக ஒரு வாள்ரம்பம், ஒரு கூடை, மண்வெட்டி, கோடரி, தோல்வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாளைக்கு வேண்டிய உணவு. இவ்வளவையும் சுமந்த அவன் பொதி சுமக்கும் கோவேறு கழுதைக்குச் சற்றே குறைந்தவன் என்பது அவருடைய கருத்து. அதற்கும் முந்திய காலத்தில், மாரியுஸ் என்ற தளபதியின் வீரர்களை "மாரியுஸின் கழுதைகள்" என்றே மக்கள் கேலி செய்தார்களாம்.

காலம் மாறியது. 1916-ம் ஆண்டு யூலை முதலாம் திகதி, பிரான்சின் சோம் ஆற்றுப் போர்முனையில் பதுங்குகுழியிலிருந்து ஏறிய பிரித்தானியச் சிப்பாய் சுமார் 66 இறாத்தல், அதாவது 30 கிலோ சுமந்திருந்தான். ஓடுவது இருக்கட்டும், விரைந்து நடப்பதே அவனுக்குக் கடினம். 1944-ம் ஆண்டு யூன் ஆறாம் திகதி நோர்மண்டியின் ஒமாகா கடற்கரையில் இறங்கிய அமெரிக்கரில் பலர், எதிரியின் குண்டு படுமுன்னரே தம் பொதியின் கனத்தால் கடலில் மூழ்கினர். 1982-ம் ஆண்டு போக்லண்ட் தீவுகளில் பிரித்தானியக் கடற்படைக் காலாட்கள் 36 கிலோவுக்கும் மேற்பட்ட பொதியோடு சதுப்பு நிலத்தை நடந்தே கடந்தனர்.

ஈட்டி துப்பாக்கியாயிற்று, கம்பிளி பொலித்தீன் ஆயிற்று. பல பொருள்கள் முன்னையவற்றைவிட இலேசாகிக்கொண்டே வந்தன. ஆனால் பொதி மட்டும் இலேசாகவில்லை. ஏன்?

ஒவ்வொன்றும் நியாயம், கூட்டுத்தொகை அநியாயம்

விடையை 2003-ம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் எடுக்கப்பட்ட கணக்கு ஒன்று காட்டுகிறது. அமெரிக்கத் தரைப்படை, தன் வீரர்கள் களத்தில் உண்மையில் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று அறியச் சிலரை அனுப்பி நிறுத்துப் பார்த்தது. அப்படையின் கைந்நூலில், சண்டையிடும்போது 22 கிலோவுக்கும், நெடுநடையின்போது 33 கிலோவுக்கும் மேற்படலாகாது என்று விதி இருந்தது. தராசு காட்டியதோ வேறு. சண்டைச் சுமை சராசரியாக 29 கிலோ. நடைச் சுமை 46 கிலோ. அவசரகாலத்தில் 60 கிலோ. விதி அலுமாரியில் இருந்தது. சுமை முதுகில் இருந்தது.

இதில் யார் மேல் குற்றம்? சற்று நிதானமாகப் பாருங்கள். மார்புக் கவசம் வேண்டுமா? வேண்டும்; அது உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. தலைக்கவசம்? வேண்டும். தண்ணீர்? அந்த வரண்ட மலையில் அதில்லாமல் முடியாது. செய்திக் கருவி? வேண்டும். அதற்கு மின்கலங்கள்? கட்டாயம் வேண்டும். இரவில் பார்க்கும் கருவி, மருந்து, கயிறு, மேலதிகத் தோட்டா ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் உண்டு. ஒவ்வொன்றையும் சேர்த்த அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் சேர்த்தார். தாம் சேர்த்தது ஒரு கிலோதானே என்று எண்ணினார். அவர் சொன்னது பொய்யுமன்று.

ஆனால் கூட்டுத்தொகைக்குப் பொறுப்பானவர் எவருமில்லை. மருத்துவப் பிரிவு தன் கிலோவைக் கண்டது. ஆயுதப் பிரிவு தன் கிலோவைக் கண்டது. அறுபது கிலோவையும் ஒருங்கே கண்டது ஒரே ஒரு முதுகுதான். அந்த முதுகிடம் எவரும் கேட்கவில்லை.

வாசகர்களே, இக்கட்டுரை சொல்ல வருவது இதுவே. உலகில் மனிதரை நசுக்கும் சுமைகளில் பல, கொடியவர் ஒருவர் வேண்டுமென்றே ஏற்றிய பாறாங்கற்கள் அல்ல. நல்லவர் பலர் ஆளுக்கொன்றாய் வைத்த கூழாங்கற்கள். ஒவ்வொரு கல்லையும் நியாயப்படுத்தலாம். மொத்தத்தை நியாயப்படுத்த முடியாது. ஆகவே "நான் வைத்தது சிறியதுதானே" என்பது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் பதிலாகாது.

"ஒருவேளை" என்ற சொல்லின் எடை

இதற்கு ஒரு மறுப்பு எழும். பிள்ளையைத் தூர இடத்துக்கு அனுப்பும் எந்தத் தாயும் அதைச் சொல்வாள். "இருந்து பயன்படாமற் போனாலும் பரவாயில்லை, வேண்டியபோது இல்லாமற் போகக்கூடாது." ஒருவேளை மழை வந்தால்? ஒருவேளை காய்ச்சல் வந்தால்? ஒருவேளை கடை இல்லாவிட்டால்? இப்படி ஒவ்வொரு "ஒருவேளை"யும் பெட்டிக்குள் ஒரு பொருளாய் இறங்குகிறது. இது அன்பிலிருந்து பிறப்பது; ஆகவே எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் மார்ஷல் என்ற அமெரிக்கப் படை எழுத்தாளர் 1950-ம் ஆண்டு சிப்பாயின் சுமையைப் பற்றி எழுதிய சிறு நூலில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். களைப்பும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கும். அளவுக்கு மேல் சுமந்த வீரன் களைக்கிறான்; களைத்தவன் அஞ்சுகிறான்; அஞ்சியவன் இன்னும் விரைவில் களைக்கிறான். அவனைக் காப்பதற்கென்று பொதியில் திணித்தவை ஓடவும் ஒளியவும் வேண்டிய கணத்தில் அவனைக் கட்டிப் போடுகின்றன. ஏற்றியவரின் பயம் சுமப்பவரின் ஆபத்தாகிறது.

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறியவர்களுக்கு இது புரியும். அடிவாரத்தில் எல்லாப் பையும் இலேசு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் பாதியைக் கடந்தபின், தேவையென்று எடுத்துவந்தவற்றுள் எது உண்மையான தேவை என்பதை முழங்கால் சொல்லிவிடும். ஆனால் யாத்திரிகருக்கு ஒரு சலுகை உண்டு. பையை நிரப்பியவரும் சுமப்பவரும் ஒருவரே. அடுத்த முறை அவர் தாமாகவே குறைத்துக்கொள்வார். சிப்பாய்க்கு அந்தச் சலுகை இல்லை. கூலிக்குச் சுமப்பவருக்கும் இல்லை.

ஆகவே "இந்தப் பொருள் நல்லதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதை உள்ளே வைப்பதற்காக எதை வெளியே எடுக்கப் போகிறோம்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேளாத அன்பு அரைகுறை அன்பு.

துரைமாரின் முதுகில்

இந்தப் பாடம் நம் மலைநாட்டுக்கு அந்நியமானதன்று. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900-ம் ஆண்டு "சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்" என்றொரு தொண்டர் படை அமைந்தது. அதில் சேர்ந்தவர்கள் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியத் துரைமார். முதலாம் உலகப் போர் மூண்டதும், 1914-ம் ஆண்டு ஒக்டோபரில் இவர்களுள் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினர். சுயெஸ் கால்வாய்க் காவலில் இருந்தனர். பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு 1915-ம் ஆண்டு கலிப்போலி சென்றனர்.

இதை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் இன்ன வேலைக்கு இத்தனை பேர், இன்ன மலையில் இத்தனை இறாத்தல் கொழுந்து என்று அளவு சொன்னவர்கள் இவர்கள். பங்களாவில் பெட்டி தூக்கவும் குதிரை பிடிக்கவும் ஆள் இருந்தது. படையிலோ சாதாரண வீரனாகச் சேர்ந்த துரை தன் பொதியைத் தானே சுமந்தாக வேண்டும். அவர்கள் போய் இறங்கிய அன்சாக் குடாவோ செங்குத்தான மேடு. தண்ணீரையும் தோட்டாவையும் கடற்கரையிலிருந்து மேலே கொண்டு சென்றவை மனிதர் முதுகும் கோவேறு கழுதை முதுகுமே. அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு நம் அனுதாபம் உரியது. திரும்பியவர்கள் தோட்டத்து ஏற்றத்தையும் கொழுந்துக் கூடையையும் வேறு கண்ணால் பார்த்தார்களா? அது அவரவர் மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது. ஆனால் கேள்வி நமக்கும் உரியது. சுமையை நிர்ணயிப்பவர் ஒரு நாளாவது அதைச் சுமந்திருக்க வேண்டாமா?

கூடையின் கணக்கு

சிப்பாய் நிறைந்த பொதியோடு புறப்பட்டு, உண்டும் சுட்டும் தீர்த்து, இலேசாகத் திரும்புவான். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்கு நேர்மாறு. வெறுங்கூடையோடு மலையேறி நிறைகூடையோடு இறங்குகிறாள். ஆகவே அவள் எடுத்துச் செல்வதைத் தேர்ந்தெடுப்பதில் கைதேர்ந்தவள். தலையில் கயிறு, முதுகில் கூடை அல்லது இக்காலத்துச் சாக்கு. மிலார் குத்தாமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பில் படங்கு. மழைக்குக் கொங்காணி. பறிக்கும் மட்டம் பார்க்க மட்டக்கம்பு. அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ. அதற்குமேல் ஒன்றுமில்லை. எந்தப் படைத்தளபதியும் இவளிடம் பாடம் கேட்கலாம்.

இதில் வியப்பான ஒப்புமை ஒன்று உண்டு. பிரித்தானியப் படையின் கூர்க்கா பிரிவில் சேர விரும்பும் நேபாள இளைஞர், நெடுங்காலமாக, 25 கிலோ மணல் நிறைந்த கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமந்து, ஐந்து கிலோமீற்றருக்கு மேல் மலையேறி ஓடிக் காட்ட வேண்டியிருந்தது. உலகப் புகழ்பெற்ற வீரர்களுக்கு வைத்த தேர்வு அது. அவர்கள் அதை ஒரு முறை செய்து காட்டினால் சீருடைக்கு வழி திறக்கும். நம் சகோதரிகள் ஆண்டு முழுதும் மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்குகிறார்கள். அதற்குப் பெயர் வீரமன்று, "ஒரு பேர்".

"அவர்களுக்குப் பழகிவிட்டது" என்று சிலர் சொல்வர். 2005-ம் ஆண்டு இமயமலைச் சுமைகாரர்களை ஆராய்ந்து வெளியான ஆய்வொன்று, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையின் 93 வீதத்தையும் பெண்கள் 66 வீதத்தையும் சுமந்து செல்வதாகவும், பிறரைவிடக் குறைந்த சக்தியைச் செலவிட்டே அதைச் செய்வதாகவும் கண்டது. பழக்கம் திறமையைத் தரும் என்பது உண்மையே. ஆனால் ஒருவருடைய திறமை, அவர் மேல் இன்னும் ஏற்றலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. நன்றாகச் சுமக்கிறவருக்கே மேலும் சுமை ஏற்றுவது உலக வழக்கம்; அது நீதியன்று.

பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர். நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் பற்றிய முறைப்பாடு பழையது. இங்கும் அதே கணக்குத்தான். தராசு கொழுந்தை மட்டும் நிறுக்கிறது. ஈரப் படங்கையும், வழுக்கும் ஏற்றத்தையும், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் நினைவையும் எந்தத் தராசும் நிறுப்பதில்லை. அவற்றையும் கூட்டிப் பார்ப்பது அந்த முதுகு ஒன்றுதான்.

எளிய முதுகைத் தேடும் சுமை

அளவு மீறிய சுமைக்கு ஒரு குணம் உண்டு. அது ஏறிய இடத்தில் நிற்பதில்லை. இன்னும் எளிய முதுகைத் தேடி இறங்கும். உரோமைச் சிப்பாய் தன் பொதி கனத்தபோது என்ன செய்தான்? வழியில் அகப்பட்ட குடியானவனைப் பிடித்துச் சுமக்க வைத்தான். அடிமைப்பட்ட நாட்டு மக்களை அவ்வாறு கட்டாயப்படுத்த உரோமைப் படைக்கு அதிகாரம் இருந்தது. ஒரு மைல் வரும்படி கட்டாயப்படுத்துகிறவனோடு இரண்டு மைல் செல்லுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கூறியது இந்தப் பின்னணியில்தான். முதல் மைல் பிறர் சுமத்தியது. இரண்டாம் மைல் தானே தேர்ந்தது. சுமப்பவன் அங்கே மீண்டும் மனிதனாகிறான். ஆனால் அந்தப் போதனை சுமப்பவனுக்கு உரியது. சுமத்துகிறவன் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. பளுவான சுமைகளைக் கட்டிப் பிறர் தோளில் வைத்துவிட்டுத் தாம் ஒரு விரலாலும் தொடாதவர்களை அதே ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு 23-ம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள்.

புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவருடைய பாரத்தைத் தாங்க வேண்டும் என்கிறார். சில வரிகள் கடந்து, ஒவ்வொருவரும் தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்கிறார். முரண்போல் தோன்றும். ஆனால் அவர் எழுதிய கிரேக்க மொழியில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது நசுக்கும் பளுவைக் குறிக்கும். இரண்டாவது ஒருவர் தமக்கென்று எடுத்துச் செல்லும் மூட்டையைக் குறிக்கும். வீரனின் பொதிக்கும் அச்சொல் வழங்கியது.

இரண்டும் எப்படி இணையும் என்பதற்குச் சிப்பாயின் பொதியிலேயே அழகிய சான்று உண்டு. ஒவ்வொரு வீரனும் தன் காயத்துக்கு வேண்டிய கட்டுத்துணியைத் தானே சுமக்கிறான். காயம்பட்டபோது அதை அவிழ்த்துக் கட்டிவிடுவதோ அருகிலிருக்கும் தோழன். தோழன் தன்னிடமுள்ளதை எடுப்பதில்லை. அது அவனுக்கு வேண்டியது. அடிபட்டவனின் துணியையே எடுக்கிறான். சுமப்பது நான், கட்டுவது நீ. தன் பங்கைச் சுமவாதவன் பிறருக்குப் பாரமாவான். பிறருக்குக் கை கொடாதவனின் பொதி வெறும் மூட்டையாகவே கிடக்கும்.

நம் காம்பராவுக்குள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். கம்பெனியைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் பேசுவது எளிது, பேசவும் வேண்டும். ஆனால் இறங்கி வரும் சுமை கடைசியாக நிற்கும் இடம் எது?

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் யார்? தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு ஓடுகிறவர் யார்? பல தோட்டங்களில் கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலை பிற்பகலுக்குள் முடிந்துவிடும். கொழுந்து பறிப்பவர் மாலை நிறுவை முடிந்தே வருகிறார். வரும்போது முதுகில் கூடை இருந்த இடத்தில் மிலார்க் கட்டு. வந்தபின் பீலித் தண்ணீர், இரவுச் சமையல், துணி, மாமியாரின் மருந்து, சீட்டுக் காசு, கடைக்கடன். இவற்றுள் எது தேவையற்றது? ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் நியாயம். கணவர் கேட்பது ஒரு தேத்தண்ணிதான். மகன் கேட்பது ஒரு சட்டையைத் தோய்த்துத் தருவதுதான். பங்கிலும் சங்கத்திலும் நாம் கேட்பது ஒரு மணி நேரம்தான். எல்லாரும் தத்தம் ஒரு கிலோவைப் பார்க்கிறோம். அறுபது கிலோவைச் சுமக்கிறது ஒரு முதுகு.

இதற்கு வழி என்ன? மூன்று சிறு விதிகளைக் குடும்பத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஏற்றுமுன் ஒரு முறை முழுவதையும் தூக்கிப் பார்ப்போம். ஒரு ஞாயிறு மட்டுமாவது, வீட்டிலுள்ள ஆண்கள் தாயின் ஒரு நாள் வேலையை விடியற்காலை முதல் இரவு வரை முழுதும் செய்து பார்க்கட்டும். ஒரு வேலையைச் செய்து காட்டுவது போதாது. கூட்டுத்தொகையைச் சுமக்க வேண்டும்.

இரண்டாவது, ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்குவோம். மகளின் படிப்புக்குப் புதிதாக ஒரு செலவு வருகிறதா? நல்லது. அதற்காக எந்தச் செலவு நிற்கும்? தந்தையின் சாராயக் காசா, தாயின் சாப்பாடா? இறக்கப்படுவது எப்போதும் சுமப்பவரின் பங்காகவே இருந்தால், அங்கே நடப்பது பகிர்வு அன்று.

மூன்றாவது, சுமப்பவரைக் கேட்போம். கொழும்புக்குக் கடை வேலைக்கோ, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கோ புறப்படும் பிள்ளையின் பையில் துணிமணியும் செபமாலையும் மட்டுமா வைக்கிறோம்? தம்பியின் படிப்பு, தங்கையின் கலியாணம், வீட்டுக் கூரை, வட்டிக்கடன் எல்லாவற்றையும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறோம். "இதில் எதை நீ சுமப்பாய், எதை நாங்கள் சுமக்கட்டும்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு அனுப்புவோம். கேட்கப்பட்டவர் சுமப்பது சொந்த மூட்டை. கேளாமல் ஏற்றப்பட்டவர் சுமப்பது பாரம்.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் நாம் முழந்தாளிடும்போது சீரேனே ஊர் சீமோனைப் பாராட்டுகிறோம். அவர் பெரிய பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கட்டாயத்தின்பேரில்தான் வந்தார். ஆயினும் சிலுவையின் கனத்தை ஆண்டவருக்கு அடுத்தபடியாக அறிந்த மனிதர் அவரே. ஏனெனில் அவர் அதைத் தூக்கினார்.

இன்று மாலை மலையிலிருந்து இறங்கி வருகிறவரை வாசலில் காத்திராமல் பாதி வழிக்குச் சென்று எதிர்கொள்ளுங்கள். அந்த மிலார்க் கட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது அதன் கனத்தைச் சற்றுக் கவனியுங்கள்.